உலகச் சதுரங்கப் பட்டம்: குகேஷுக்கு எதிரே அமரப்போகிறவர் எப்படித் தேர்வாகிறார்?

ரக்பி உலகக் கோப்பையை 2019 ஆம் ஆண்டு ஜப்பானில் வென்ற நம் தென்னாப்பிரிக்க அணி, 2023 ஆம் ஆண்டு பிரான்சில் அதே கோப்பையைக் காக்க இறங்கியபோது, மற்ற அணிகளைப் போலவே குழு ஆட்டங்களிலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. சதுரங்கத்தின் உலகப் பட்டம் அப்படிப்பட்டதன்று. இங்கே சாம்பியன் ஒரு நாற்காலியில் முன்பே அமர்ந்திருக்கிறார். எதிரே காலியாக இருக்கும் ஒரே ஒரு நாற்காலிக்காக மட்டுமே இரண்டு ஆண்டுக் காலம் உலகெங்கும் போட்டிகள் நடக்கின்றன. அந்த நாற்காலியில் அமரும் தகுதியைப் பெறுகிறவரைச் சாலஞ்சர் என்கிறார்கள்.

இப்போது சாம்பியனாக இருப்பவர் சென்னையில் பிறந்து வளர்ந்த டி. குகேஷ். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7.5–6.5 என்ற புள்ளிக்கணக்கில் வென்று, 18 வயதில் அவர் பட்டத்தைப் பெற்றார். சிங்கப்பூரில் மாலை 5 மணிக்குத் தொடங்கிய அந்த ஆட்டங்கள் டர்பனில் நமக்குக் காலை 11 மணிக்கே தொடங்கியதால், சாட்ஸ்வொர்த்திலும் மெரிபேங்கிலும் சதுரங்கம் ஆடத் தெரியாத பெரியவர்கள்கூடப் பிள்ளைகளின் கைப்பேசியில் எட்டிப் பார்த்து, ‘யார் முன்னால் இருக்கிறார்கள்?’ என்று கேட்க முடிந்தது. அந்தப் பட்டத்துக்கு இப்போது அடுத்த சவால் உருவாகிக்கொண்டிருக்கிறது. 2026 மார்ச் 28 அன்று சைப்ரஸ் தீவின் பாஃபோஸ் பகுதியில் கேண்டிடேட்ஸ் தொடர் தொடங்குகிறது. எட்டுப் பேர் ஆடும் அந்தத் தொடரில் முதலிடம் பெறுகிறவரே 2026 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் குகேஷை எதிர்த்து ஆடுவார்.

அந்த எட்டுப் பேரில் குகேஷின் பெயர் ஏன் இல்லை, உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருக்கும் மாக்னஸ் கார்ல்சனின் பெயர் ஏன் இல்லை, சென்னையின் இன்னொரு இளம் ஆட்டக்காரரான பிரக்ஞானந்தா அங்கே எந்த வழியாக நுழைந்தார் என்பன புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களின் இயல்பான கேள்விகள். இந்தக் கட்டுரை அவற்றுக்கு விடை சொல்ல முயல்கிறது. ஒரு பட்டத்தின் மதிப்பு, அதை நோக்கிச் செல்லும் வழி எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகையால் பட்டப் போட்டியைப் பற்றிச் சொல்வதைவிட, அதற்குச் செல்லும் வழியைப் பற்றியே இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

சாம்பியனே எதிராளியைத் தேர்ந்தெடுத்த காலம்

முதல் அதிகாரபூர்வ உலகப் பட்டப் போட்டியாகக் கருதப்படுவது 1886 ஆம் ஆண்டு ஸ்டைனிட்ஸுக்கும் சூகர்டார்ட்டுக்கும் இடையே அமெரிக்காவில் நடந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், பட்டம் என்பது அதை வைத்திருப்பவரின் சொந்த உடைமை போலவே இருந்தது. யாருடன் ஆடுவது, எப்போது ஆடுவது, எவ்வளவு பணத்துக்கு ஆடுவது ஆகிய மூன்றையும் சாம்பியனே முடிவு செய்தார். 1922 ஆம் ஆண்டு அன்றைய சாம்பியன் கபாபிளாங்கா முன்வைத்த விதிகளின்படி, அவரை எதிர்த்து ஆட விரும்புகிறவர் பத்தாயிரம் அமெரிக்க டாலர் பரிசுத் தொகைக்கு வழி செய்ய வேண்டும். அக்காலத்தில் அது மிகப் பெரிய தொகை. அர்ஜென்டினாவில் ஆதரவு கிடைத்ததால்தான் 1927 ஆம் ஆண்டு புவெனஸ் ஐரிஸில் அலெகைன் அவருடன் மோத முடிந்தது. அலெகைன் வென்றார். வென்றபின் கபாபிளாங்காவுக்கு மறுபோட்டி வாய்ப்பை அவர் கடைசிவரை கொடுக்கவில்லை. அக்காலத்து ரசிகர்கள் எல்லோரும் பார்க்க விரும்பிய ஒரு போட்டி, ஒரு மனிதரின் விருப்பமின்மையால் நடக்காமலே போயிற்று.

அலெகைன் 1946 ஆம் ஆண்டு பட்டத்தோடு இறந்தார். சாம்பியன் இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே நுழைந்தது. 1948 ஆம் ஆண்டு ஹேக் நகரிலும் மாஸ்கோவிலும் ஐந்து பேரை ஆடவைத்து, போட்வின்னிக்கைச் சாம்பியனாக அறிவித்தது. அதைவிட முக்கியமாக, இனிச் சாலஞ்சரைச் சாம்பியன் தேர்ந்தெடுக்கமாட்டார், போட்டிகளே தேர்ந்தெடுக்கும் என்ற முறையை நிலைநாட்டியது. உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. மண்டலப் போட்டியில் தேறியவர்கள் இன்டர்சோனல் எனப்பட்ட மண்டலங்களுக்கு இடையிலான போட்டிக்கும், அங்கே தேறியவர்கள் கேண்டிடேட்ஸ் தொடருக்கும் சென்றார்கள். முதல் கேண்டிடேட்ஸ் தொடர் 1950 ஆம் ஆண்டு புடாபெஸ்டில் நடந்தது. விவரங்கள் பலமுறை மாறினாலும், அடிப்படை இன்றும் அதுதான்.

இந்த முறைக்குள்ளும் குறைகள் இருந்தன. 1962 ஆம் ஆண்டு குராசாவ் தீவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடரில் சோவியத் வீரர்களான பெட்ரோசியன், கேரஸ், கெல்லர் ஆகிய மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்துகொண்டார்கள். ஒருவரோடொருவர் மோதாமல் சக்தியைச் சேமித்து மற்றவர்களை வீழ்த்துகிறார்கள் என்று அமெரிக்காவின் பாபி ஃபிஷர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அதன்பின் ஃபிடே, எல்லோரும் எல்லோருடனும் ஆடும் முறையைக் கைவிட்டு, இருவர் இருவராக மோதி ஒருவர் வெளியேறும் முறைக்குக் கேண்டிடேட்ஸை மாற்றியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2013 ஆம் ஆண்டு முதல், எல்லோரும் எல்லோருடனும் ஆடும் முறை மீண்டும் நிலைத்திருக்கிறது. அதனால்தான் இன்றைய விதிகளின்படி ஒரே நாட்டைச் சேர்ந்தவர்கள் தொடரின் தொடக்கச் சுற்றுகளிலேயே ஒருவரையொருவர் சந்தித்துவிட வேண்டும். கடைசிச் சுற்றுகளில் நாட்டவருக்காக விட்டுக்கொடுக்கும் ஆசைக்கே இடம் வைக்கக்கூடாது என்பது நோக்கம்.

நம் கண்டத்திலும் இந்த வரலாற்றின் ஒரு பக்கம் நடந்திருக்கிறது. 1967 ஆம் ஆண்டு துனீசியாவின் சூஸ் நகரில் நடந்த இன்டர்சோனல் போட்டியில் முன்னணியில் இருந்த ஃபிஷர், தம் சமய ஓய்வுநாளை ஒட்டிய ஆட்ட அட்டவணை குறித்த தகராறில் பாதியிலேயே விலகினார். அடுத்த சுழற்சியில் தகுதிப் போட்டியாக இருந்த அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடவே இல்லை, எனவே விதிப்படி அவருக்கு வழி இல்லை. அப்போது, தகுதி பெற்றிருந்த பால் பென்கோ தம் இடத்தை அவருக்காக விட்டுக்கொடுத்தார். 1970 ஆம் ஆண்டு பால்மா டி மயோர்காவில் நடந்த இன்டர்சோனலை ஃபிஷர் மூன்றரைப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். பிறகு தைமானோவை 6–0, லார்சனை 6–0, பெட்ரோசியனை 6.5–2.5 என்று வீழ்த்தி, 1972 ஆம் ஆண்டு ரெய்க்யாவிக்கில் ஸ்பாஸ்கியின் எதிரே அமர்ந்தார். சாலஞ்சர் ஒருவரின் பயணம் பட்டப் போட்டியையே விஞ்சி நின்றதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டுகளில் நம் நாட்டவருக்கு வழியே அடைக்கப்பட்டது. நிறவெறிக் கொள்கையின் காரணமாக 1974 ஆம் ஆண்டு நீஸ் நகரில் ஃபிடே தென்னாப்பிரிக்காவை விலக்கியது. 1992 ஆம் ஆண்டுதான் நாடு மீண்டும் சேர்ந்தது. குழுப் பகுதிச் சட்டத்தால் வீடுகளிலிருந்து பெயர்க்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பப்பட்ட தலைமுறைக்கு அந்த விலக்கம் நியாயமானதாகவே பட்டிருக்கும், எனக்கும் அது நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆயினும் ஒரு செய்தியைப் புதிய வாசகர் கவனிக்க வேண்டும். உலகப் பட்டத்துக்கான ஏணியின் முதல் படி தனி ஆட்டக்காரரின் திறமை அன்று, அவருடைய நாட்டுச் சங்கத்தின் உறுப்புரிமைதான். அது இல்லாவிட்டால் எவ்வளவு திறமை இருந்தாலும் ஏறத் தொடங்க முடியாது. இந்தியாவில் அது இருந்ததால்தான், 1990 ஆம் ஆண்டு மணிலா இன்டர்சோனலில் தேறிய இளைஞர் விஸ்வநாதன் ஆனந்த், 1991 ஆம் ஆண்டு சென்னையிலேயே அலெக்ஸி ட்ரீவை வென்று கேண்டிடேட்ஸில் அடுத்த கட்டத்துக்குப் போக முடிந்தது.

இன்றைய நான்கு வாசல்கள்

இன்டர்சோனல் என்ற பெயர் இப்போது வழக்கில் இல்லை. கேண்டிடேட்ஸின் எட்டு இடங்களுக்கும் இப்போது நான்கு வழிகள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை.

முதலாவது உலகக் கோப்பை. 206 பேர் ஆடும் வெளியேற்றுப் போட்டி அது. தரவரிசையில் முதல் 50 பேர் இரண்டாம் சுற்றில் இறங்க, மற்ற 156 பேர் முதல் சுற்றில் மோதுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் இருவர் தங்களுக்குள் இரண்டு நீண்ட ஆட்டங்கள் ஆடுகிறார்கள். சமநிலை என்றால் மறுநாள் ரேபிட், பிளிட்ஸ் எனப்படும் விரைவு ஆட்டங்கள் தீர்ப்பளிக்கின்றன. தோற்றவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். எட்டுச் சுற்றுகளின் முடிவில் முதல் மூன்று இடங்களைப் பெறுகிறவர்களுக்குக் கேண்டிடேட்ஸ் இடம் கிடைக்கிறது. 2025 ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியிலிருந்து நவம்பர் இறுதிவரை கோவாவில் நடந்த உலகக் கோப்பையில், தரவரிசைப்படி 16 ஆவது இடத்திலிருந்து தொடங்கிய உஸ்பெகிஸ்தானின் 19 வயது ஜாவோகிர் சிந்தாரோவ் சாம்பியனானார். இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற சீனாவின் வெய் யி, மூன்றாம் இடம் பெற்ற ஆண்ட்ரே எசிபென்கோ ஆகியோரும் தகுதி பெற்றார்கள்.

அதே கோவாவில் குகேஷும் ஆடினார் என்பதும், மூன்றாம் சுற்றில் ஜெர்மனியின் ஃபிரெடெரிக் ஸ்வானேயிடம் தோற்று வெளியேறினார் என்பதும் புதியவர்களைக் குழப்பியிருக்கலாம். ‘உலகக் கோப்பையில் தோற்றவர் எப்படி இன்னும் உலக சாம்பியனாக இருக்கிறார்?’ என்ற கேள்வி எழுவது இயல்பே. சதுரங்கத்தில் உலகக் கோப்பை வேறு, உலகப் பட்டம் வேறு. முன்னது சாலஞ்சரைத் தேடும் வழிகளில் ஒன்று மட்டுமே. குகேஷுக்கு அந்தத் தோல்வியால் தரவரிசைப் புள்ளிகள் சில குறைந்திருக்கும், பட்டத்துக்கு எதுவும் நேரவில்லை. அவருக்குக் கேண்டிடேட்ஸ் இடமும் தேவையில்லை, அவர் எதிரே அமர்பவருக்காகக் காத்திருப்பவர்.

இரண்டாவது கிராண்ட் சுவிஸ். இதில் யாரும் பாதியில் வெளியேறுவதில்லை. 116 பேர் 11 சுற்றுகள் ஆடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு புள்ளி எடுத்தவர்கள் ஒருவரோடொருவர் சேர்க்கப்படுகிறார்கள். நம் பள்ளிகளுக்கிடையே வார இறுதிகளில் நடக்கும் போட்டிகளும் பெரும்பாலும் இந்த முறையில்தான் நடக்கின்றன என்பதால், இதைப் பெற்றோர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். வெல்ல வெல்ல எதிராளி கடினமாவார், தோற்றால் சற்று எளிதான எதிராளி வருவார். 2025 செப்டம்பரில் சமர்கண்டில் நடந்த போட்டியில் நெதர்லாந்தின் அனிஷ் கிரி முதலிடமும், ஜெர்மனியின் மத்தியாஸ் புளூபாம் இரண்டாம் இடமும் பெற்று இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டார்கள். பெரிய பெயர்கள் நிறைந்த அந்த அரங்கில் புளூபாமைத் தொடக்கத்தில் யாரும் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்கள். இப்படி ஒருவர் உள்ளே வருவதுதான் இந்த வாசலின் பெருமை.

மூன்றாவது ஃபிடே சர்க்யூட். ஆண்டு முழுவதும் நடக்கும் வலிமையான தொடர்களில் பெறும் இடங்களுக்கு ஏற்பப் புள்ளிகள் சேர்கின்றன. ஆண்டு முடிவில் முதலிடத்தில் நிற்பவருக்கு ஓர் இடம். 2024 ஆம் ஆண்டுக்குரிய இடத்தை அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானாவும், 2025 ஆம் ஆண்டுக்குரிய இடத்தைப் பிரக்ஞானந்தாவும் பெற்றார்கள். பிரக்ஞானந்தாவின் 2025 ஆம் ஆண்டை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஸீ நகரில் டாட்டா ஸ்டீல் தொடரில் குகேஷுடன் முதலிடத்தைப் பகிர்ந்து, சமநிலையைத் தீர்க்கும் விரைவு ஆட்டங்களான டை-பிரேக்கில் அவரை வென்றார். பிறகு புகாரெஸ்டிலும் தாஷ்கண்டிலும் கோப்பைகள் வென்றார். கோவாவின் உலகக் கோப்பை அவருக்குக் கைகொடுக்காத நிலையில், டிசம்பரில் லண்டன் கிளாசிக் தொடரில் முதலிடத்தைப் பகிர்ந்து தம் இடத்தை உறுதி செய்தார். ஓர் ஆண்டு முழுவதும் தளராமல் ஆடியதற்குக் கிடைத்த இடம் அது.

குகேஷும் இதே வாசல் வழியாகத்தான் வந்தார். 2023 சர்க்யூட்டில் முதலிடம் பெற்ற கருவானா உலகக் கோப்பை வழியாக முன்பே தகுதி பெற்றிருந்ததால், அந்த இடம் அடுத்து நின்றவருக்குப் போக வேண்டியிருந்தது. அந்த இரண்டாம் இடத்துக்கான பந்தயம் டிசம்பர்வரை நீண்டது. தமிழ்நாடு அரசின் ஆதரவோடு சென்னையில் குறுகிய காலத்தில் ஏற்பாடான கிராண்ட்மாஸ்டர்ஸ் தொடரில் குகேஷ் முதலிடம் பெற்றார். அந்தத் தொடர் நடந்திராவிட்டால் அவர் 2024 கேண்டிடேட்ஸில் ஆடியிருப்பாரா என்பது ஐயமே.

நான்காவது வாசல் ரேட்டிங் எனப்படும் தரவரிசைப் புள்ளி. குறிப்பிட்ட ஆறு மாதங்களின் சராசரி ரேட்டிங் யாருக்கு அதிகமோ, மற்ற வழிகளில் தகுதி பெறாதவர்களுள் அவருக்கு ஓர் இடம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு உயர்ந்த ரேட்டிங்கைக் காத்துக்கொள்வதைத் தடுக்க, குறைந்தபட்சம் இத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இம்முறை இந்த இடத்தைப் பெற்ற அமெரிக்காவின் ஹிக்காரு நகாமுரா, தேவையான 40 ஆட்டங்களை நிறைவு செய்வதற்காக லூசியானா, அயோவா போன்ற மாநிலங்களின் சிறிய போட்டிகளில் தம்மைவிட மிகவும் கீழான ரேட்டிங் உள்ளவர்களுடன் ஆடினார். விதிப்படி அதில் எந்தத் தவறும் இல்லை. 2023 இறுதியில் அலிரேசா ஃபிரூஜா, வெஸ்லி சோவை ரேட்டிங்கில் தாண்டுவதற்காகப் பிரான்சின் ரூவென் நகரில் ஒரு திறந்த போட்டியில் இறங்கி எல்லா ஆட்டங்களையும் வென்று இடத்தைப் பெற்றார். 2022 ஆம் ஆண்டு, ரஷ்யாவின் கர்யாகின் மீது ஃபிடே விதித்த தடையால் ஓர் இடம் காலியானபோது, ரேட்டிங்கில் அடுத்து நின்ற டிங் லிரெனுக்கு ஆட்டங்களின் எண்ணிக்கை போதவில்லை. சீனச் சங்கம் அவருக்காக அவசரமாகப் போட்டிகளை நடத்தி அந்தக் குறையை நிரப்பியது.

இவர்கள் மூவரும் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள். கேண்டிடேட்ஸில் ஆடும் தகுதி அவர்களுக்கு உண்டு என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் ஒரு வாசல் ஒவ்வொரு முறையும் கடைசி நேர ஓட்டத்தில் முடிகிறது என்றால், குறை அந்த வாசலில்தான் இருக்கிறது. சர்க்யூட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. அதில் அதிகப் புள்ளி தரும் தொடர்கள் பெரும்பாலும் அழைப்பின் பேரில் நடப்பவை, அழைப்பு கிடைக்காதவர் ஆண்டு முழுவதும் வென்றாலும் அந்த உயரத்தை எட்டுவது கடினம். சாதாரண நாட்டுச் சாம்பியன் ஒருவர் தட்டித் திறக்கக்கூடியது உலகக் கோப்பை என்ற வாசல் ஒன்றே என்பேன். ஆகவே அதற்கு மூன்று இடங்கள் வைத்திருப்பது சரியான முடிவு.

எட்டுப் பேரின் பதினான்கு சுற்றுகள்

கேண்டிடேட்ஸில் எட்டுப் பேரும் ஒவ்வொருவருடனும் இருமுறை, ஒருமுறை வெள்ளைக் காய்களுடனும் ஒருமுறை கறுப்புக் காய்களுடனும் ஆடுகிறார்கள். ஆக ஒருவருக்கு 14 ஆட்டங்கள். வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி. கணக்கு எளிமையானது, ஆனால் மனத்துக்கு இது மிகக் கொடிய தொடர், ஏனென்றால் இரண்டாம் இடத்துக்கு இங்கே பெரும்பாலும் எந்தப் பயனும் இல்லை. மற்றத் தொடர்களில் பாதுகாப்பாக ஆடி இரண்டாம் மூன்றாம் இடத்தோடு திருப்தியடைகிற ஒருவர், இங்கே பத்தாம் சுற்றில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தால், துணிந்து சிக்கலான நிலைகளுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. அப்படி இறங்கும்போது விழுந்தும் போகிறார். கடைசி நான்கைந்து சுற்றுகளில் தவறுகள் பெருகுவதற்குக் காரணம் இதுவே.

2013 ஆம் ஆண்டு லண்டனில் நடந்ததை நினைவுகூரலாம். கடைசிச் சுற்றுக்கு வந்தபோது கார்ல்சனும் கிராம்னிக்கும் சம புள்ளியில் இருந்தார்கள். கார்ல்சன் ஸ்விட்லரிடம் தோற்றார், கிராம்னிக் இவான்சுக்கிடம் தோற்றார். இருவரும் 8.5 புள்ளியில் நிற்க, அதிக ஆட்டங்களை வென்றவர் என்ற விதியால் கார்ல்சன் சாலஞ்சரானார்; அதே ஆண்டு சென்னையில் ஆனந்தை வென்று சாம்பியனானார். ஒரே மாலையில் இருவரும் தோற்று, அதில் ஒருவர் தகுதி பெற்ற அந்த முடிவு பலருக்கு மனநிறைவு தரவில்லை. இன்றைய விதிகளில் முதலிடம் சமமானால் விரைவு ஆட்டங்களால் முடிவு காண்கிறார்கள். வென்ற ஆட்டங்களை எண்ணித் தீர்ப்பளிப்பதைவிடப் பலகையில் தீர்த்துக்கொள்வது நல்லது.

2024 ஏப்ரலில் டொரன்டோவில் குகேஷ் தகுதி பெற்ற தொடரும் கடைசி மணி நேரம்வரை இழுத்தது. ஏழாம் சுற்றில் ஃபிரூஜாவிடம் நேர நெருக்கடியில் தோற்றார். தொடரின் நடுப்பகுதியில் வந்த அத்தகைய தோல்வி 17 வயது இளைஞர் ஒருவரைக் குலைத்துப் போட்டிருக்கலாம். குகேஷ் அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பதின்மூன்றாம் சுற்றில் அதே ஃபிரூஜாவை வென்று அரைப் புள்ளி முன்னிலை பெற்றார். கடைசிச் சுற்றில் நகாமுராவுடன் டிரா செய்து 9 புள்ளியில் நின்றார். ஆனால் கருவானாவும் நெப்போம்னியாச்சியும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒருவர் வென்றால் அவரும் 9 புள்ளிக்கு வந்து டை-பிரேக் வேண்டியிருக்கும். கருவானா வெற்றிக்கான நிலைக்கு வந்தும் அதை முடிக்க முடியாமல், 109 நகர்த்தல்களுக்குப் பிறகு அந்த ஆட்டம் டிரா ஆனது. டொரன்டோவின் பிற்பகல் ஆட்டங்கள் நமக்கு இரவு 8.30 மணிக்குத் தொடங்கியதால், டர்பனில் விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அது நள்ளிரவைத் தாண்டிய நேரம். சைப்ரஸின் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரமே முந்தி ஓடும் என்பதால், இம்முறை யாரும் உறக்கத்தை இழக்க வேண்டியதில்லை.

இரண்டாம் இடமும் பயன்பட்ட ஒரு முறை

இரண்டாம் இடத்துக்குப் ‘பெரும்பாலும்’ பயனில்லை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 2022 ஆம் ஆண்டு மட்ரிட் கேண்டிடேட்ஸை நெப்போம்னியாச்சி வென்றார். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த டிங் லிரென் இரண்டாம் இடம் பெற்றார். அதன்பின் கார்ல்சன், பட்டத்தைக் காக்க இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். விதிப்படி முதல் இருவரும் பட்டத்துக்காக மோதினார்கள். 2023 ஆம் ஆண்டு அஸ்தானாவில் 14 ஆட்டங்களின் முடிவில் சமநிலை ஏற்பட, ரேபிட் டை-பிரேக்கில் டிங் வென்றார். குகேஷ் பின்னாளில் வீழ்த்தியது அந்த டிங்கைத்தான்.

கார்ல்சனைப் பற்றிய கேள்விக்கும் இதுவே விடை. அவரை யாரும் தோற்கடித்துப் பட்டத்தைப் பறிக்கவில்லை. நீண்ட தயாரிப்பைக் கோரும் இந்தப் போட்டிமுறையில் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. 2023 ஆம் ஆண்டு பாகு நகரில் பிரக்ஞானந்தாவை இறுதிப் போட்டியில் வென்று உலகக் கோப்பையைப் பெற்றபோதும், அதனோடு வந்த கேண்டிடேட்ஸ் இடத்தை அவர் ஏற்கவில்லை. அந்த இடம் நான்காவதாக வந்த அசர்பைஜானின் நிஜாத் அபசோவுக்குச் சென்றது. உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் பங்கேற்காததால் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. வழி அவருக்கும் திறந்தே இருக்கிறது, அவர் வரவில்லை. வந்தவர்களில் சிறந்தவர் வெல்கிறார்.

பட்டப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருவர், 14 ஆட்டங்கள், முதலில் 7.5 புள்ளியை எட்டுகிறவர் சாம்பியன். 7–7 என்று முடிந்தால் விரைவு ஆட்டங்கள். முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. சிங்கப்பூரில் 25 லட்சம் டாலர் பரிசுத் தொகை வைக்கப்பட்டிருந்தது. 13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் 6.5 புள்ளியில் இருந்தார்கள். டிரா நோக்கிச் சென்றுகொண்டிருந்த 14 ஆவது ஆட்டத்தின் 55 ஆவது நகர்த்தலில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் காய்களைப் பரிமாறி, ஒரு சிப்பாய் அதிகமுள்ள வெற்றி நிலையை அடைந்தார்.

பெண்களுக்கும் இதே அமைப்பில் தனியான உலகப் பட்டம் உண்டு. சீனாவின் ஜூ வென்ஜுன் இப்போது சாம்பியன். அவருக்கான சாலஞ்சரைத் தேர்ந்தெடுக்கும் பெண்கள் கேண்டிடேட்ஸும் சைப்ரஸில் அதே நாட்களில் நடக்கிறது. பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி, 2025 பெண்கள் கிராண்ட் சுவிஸை வென்று அங்கே இடம் பெற்றிருக்கிறார். 2024 டொரன்டோவிலும் அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் இரண்டு கேண்டிடேட்ஸ் தொடர்களில் ஆடினார்கள். 2025 பெண்கள் உலகக் கோப்பையை வென்ற திவ்யா தேஷ்முக்கும் இம்முறை இருக்கிறார்.

டர்பனிலிருந்து அந்த ஏணி

ஆப்பிரிக்க நாடு ஒன்றின் சார்பில் ஆடிய எவரும் இதுவரை கேண்டிடேட்ஸ் தொடரில் இடம் பெற்றதில்லை. இதை மறைத்து நம் பிள்ளைகளுக்கு வெறும் உற்சாக வார்த்தைகளைச் சொல்வதில் பயனில்லை. ஆனால் வழி எங்கே தொடங்குகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். ஃபிடேயின் பிரிவினைப்படி நாம் 4.3 மண்டலத்தில் நமீபியா, போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளுடன் இருக்கிறோம். இந்த மண்டலப் போட்டியும், கண்டம் முழுவதற்குமான ஆப்பிரிக்கத் தனிநபர் சாம்பியன்ஷிப்பும் உலகக் கோப்பைக்கு வழிவிடுகின்றன. சதுரங்க ஒலிம்பியாட்டில் நல்ல இடம் பெறும் நாடுகளின் சங்கங்களும் தங்கள் ஆட்டக்காரரை உலகக் கோப்பைக்கு அனுப்ப வாய்ப்புப் பெறுகின்றன. 2017 ஆம் ஆண்டு திபிலிசி உலகக் கோப்பையின் முதல் சுற்றில், அன்றைய உலக சாம்பியன் கார்ல்சனின் எதிரே அமர்ந்தவர் நைஜீரியாவின் ஒலுவஃபெமி பாலோகன். அவர் தோற்றார் என்பது உண்மை. ஆயினும் உலக சாம்பியனோடு ஒரே பலகையில் அமரும் உரிமையைத் தகுதிப் போட்டிகளின் வழியாகவே அவர் பெற்றார்.

ஆட்டக்காரர்களுக்கு ஃபிடே வழங்கும் மிக உயர்ந்த பட்டம் கிராண்ட்மாஸ்டர். நம் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் கென்னி சாலமன், நிறவெறிக் காலத்தில் கலப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட கேப் டவுனின் மிட்செல்ஸ் பிளெயின் பகுதியில் வளர்ந்தவர். 2014 ஆம் ஆண்டு நமீபியாவின் விண்ட்ஹுக் நகரில் ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப்பை வென்றதன் மூலம் அவர் அந்தப் பட்டத்தை அடைந்தார். சஹாராவுக்குத் தெற்கே அவருக்கு முன்பே கிராண்ட்மாஸ்டர் ஆனவர் ஜாம்பியாவின் ஏமன் சிமுடோவே. எகிப்தின் பாசெம் அமீன், 2700 ரேட்டிங்கைத் தாண்டிய முதல் ஆப்பிரிக்கர். ஏணியின் நடுப்படிகளில் நம் கண்டத்தவர்கள் நிற்கிறார்கள், மேல் படிகள்தான் இன்னும் எட்டப்படவில்லை.

தம் பிள்ளைக்கு இதில் ஆர்வம் இருப்பதாகக் காணும் பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை, மாகாணச் சங்கத்தின் வழியாகத் தென்னாப்பிரிக்கச் சதுரங்கச் சங்கத்தில் பதிந்து ஃபிடே அடையாள எண் பெறுவது. ரேட்டிங் பெற்றவர்களுடன் குறைந்தது 5 ஆட்டங்கள் நீண்ட நேர முறையில் ஆடியபின் முதல் ரேட்டிங் வெளியாகும். 2024 மார்ச் முதல் அதன் கீழ் எல்லை 1400. தேசிய இளையோர் சாம்பியன்ஷிப், அதன்பின் தகுதி பெற்றவர்கள் மட்டுமே ஆடும் நாட்டின் மூடிய சாம்பியன்ஷிப், மண்டலப் போட்டி, ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப் என்ற வரிசையில் மேலே போகலாம். உலகக் கோப்பை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பதால், அதற்கான ஆப்பிரிக்க இடங்களும் அந்தக் கால இடைவெளியிலேயே தீர்மானமாகின்றன.